பவேரியா கட்சியை முடித்தது நீதிமன்றம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் தனிநாடு கேட்கும் கட்சிகளைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்லாந்துக்கும் கட்டலோனியாவுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்துவிட்டு, தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தைத் தனிநாடாக்கக் கேட்கும் பவேரியா கட்சியை மட்டும் 'நீதிமன்றத் தீர்ப்பால் காணாமல் போனது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறார் கட்டுரையாளர். நான் பதினோரு வருடமாக அந்த மாநிலத்தின் தலைநகர் மியூனிக்கில் இருக்கிறேன், அது காணாமல் எல்லாம் போகவில்லை. போன தேர்தலுக்கு முன்னால் எங்கள் காய்கறிச் சந்தை முனையில் மடக்கு மேசை போட்டு, நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணியை விரித்து, ஒரு பெரியவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் ஆள் இல்லாத சிறிய கட்சி வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் 2,000 வாக்காளர்கள் வரை கையெழுத்துப் போட வேண்டும், அத்தனை பேரும் வாக்காளர்கள்தானா என்று ஊர் அலுவலகம் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், ஓட்டு இல்லை என்றேன். "பரவாயில்லை, பெர்லின்காரன் இல்லையே, அது போதும்" என்று சிரித்தார்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். அது வந்தது 2016 டிசம்பரில். பவேரியா பிரிவது பற்றி வாக்கெடுப்பு நடத்தக் கேட்டுப் போன ஒரு மனுவில், மாநிலங்கள் அரசியல் சட்டத்துக்கு எஜமானர்கள் அல்ல, பிரிந்துபோக அதில் இடமில்லை என்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. ஆனால் பவேரியச் சட்டமன்றத்திலிருந்து அந்தக் கட்சி வெளியேறியது 1966-ல்! ஐம்பது வருடம் கழித்து வந்த தீர்ப்பு எப்படிக் காரணமாகும்?

1946-ல் தொடங்கிய கட்சி 1949-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 17 இடம் பிடித்தது, பவேரியாவில் மட்டும் பார்த்தால் ஐந்தில் ஒரு ஓட்டு அதற்குத்தான். அதே வருடம் பவேரியச் சட்டமன்றம் புதிய ஜெர்மன் அரசியல் சட்டத்தையே 101 பேர் எதிர்த்து, 63 பேர் ஆதரித்து என்று ஓட்டுப் போட்டு நிராகரித்தது என்றால் ஊர் மனநிலை புரியும். அப்புறம்தான் சறுக்கல். 'பவேரியா பவேரியர்களுக்கே' என்று பேசினார்கள், ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மானியர்கள் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் அங்கே குடியேறியிருந்தார்கள், அவர்கள் எதற்கு இவர்களுக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள்? போதாததற்குக் காசினோ உரிம விவகாரத்தில் கட்சித் தலைவர்களே பொய்ச் சத்திய வழக்கில் கோர்ட் ஏறினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி சிஎஸ்யூ என்கிற கிறிஸ்தவ சமூக ஒன்றியம். பவேரியாவில் மட்டுமே போட்டியிடும் கட்சி அது, 1957-லிருந்து ஆட்சியில் இருப்பதும் அதுதான். தனிநாடு என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, மற்ற ரோஷத்தையெல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டது. 'நம் வரிப்பணம் மற்ற மாநிலங்களுக்குப் போகிறது' என்ற புலம்பலைக்கூட விடவில்லை, 2023-ல் பவேரிய அரசே அந்த நிதிப் பங்கீட்டை எதிர்த்து வழக்குப் போட்டுவிட்டது. அதற்கு மேல் அந்தப் பெரியவரின் மேசையில் விற்க என்ன பாக்கி இருக்கிறது?

கட்டுரையாளர் ஏன் சட்டத்தைக் காரணம் காட்டினார் என்று ஊகிக்க முடிகிறது. நம் மனதில் 1963 இருக்கிறது, 16-வது அரசியல் சட்டத் திருத்தம், வேட்பாளர் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றது, திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. நமக்குத் தெரிந்த கதை அது. ஜெர்மனியில் அப்படி நடக்கவில்லை. தனிநாட்டைத் தன் திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டே இந்தக் கட்சி இன்றும் தேர்தலில் நிற்கிறது. 2013 சட்டமன்றத் தேர்தலில் 2.1 சதவீதம் வாங்கியது, அதற்கப்புறம் இறங்குமுகம்தான்.

அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள்.

— மியூனிக்கிலிருந்து ஒரு வாசகர்