வந்த செடி வந்தபடியே இருப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல் தாவரங்களின் ஆக்கிரமிப்பைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, புதிய மண்ணில் அவற்றுக்கு இயற்கை எதிரிகள் இல்லாததையே முதற்காரணமாகக் கூறியிருந்தது. அதில் உண்மை உண்டு. ஆயினும், வந்த பிறகு அந்தச் செடிகளே மாறுகின்றன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலே சில செடிகள் இடத்துக்குத் தக்கபடி உருவத்தை மாற்றிக்கொள்ளும். திறந்த நீரில் தனித்து மிதக்கும் ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு குட்டையாக உப்பியிருக்கும். நெருக்கமாக வளர்ந்துவிட்டாலோ, உப்பல் குறைந்து காம்பு ஒல்லியாக நீண்டு இலையை வெளிச்சத்துக்கு உயர்த்தும்.

தலைமுறைகளின் வழியே நிகழும் மாற்றம் இதைவிட ஆழமானது. ஐரோப்பாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவை அடைந்த லைத்ரம் சாலிகேரியா என்ற ஊதாப்பூச் செடி வடக்கே பரவியபோது, அங்கே கோடை குறுகியதாக இருந்ததால், தாமதமாகப் பூத்தவை விதை முற்றும் முன்பே உறைபனியில் சிக்கின. முந்திப் பூத்தவற்றின் வழித்தோன்றல்களே நிலைத்தன. வடக்கு, தெற்குச் செடிகளை இடம் மாற்றி நட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. ஒவ்வொன்றும் தனக்குப் பழகிய பகுதியிலேயே சிறந்து விளங்கியது. முந்திப் பூக்கும் செடி வளர்வதற்குக் கிடைக்கும் காலம் குறைவு என்பதால் அது குட்டையாகவே நின்றுவிடுகிறது. வடக்கில் அதைக் காப்பாற்றிய அதே குணம் தெற்கில் பாதகமாகிறது.

இப்படிச் சூழலுக்குத் தக்கவை மட்டும் நிலைக்கும் இயற்கைத் தேர்வு நடைபெற, செடிகளுக்குள் மரபு வேறுபாடு வேண்டும். ஒரே இனம் பல இடங்களிலிருந்து பலமுறை கொண்டுவரப்படும்போது, தாயகத்தில் ஒன்றையொன்று சந்தித்தே இராத மரபுகள் கலந்து அந்த வேறுபாடு பெருகுகிறது. இரு வேறு இனங்களே கலப்பதும் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் அமெரிக்க, ஐரோப்பிய ஸ்பார்டினாப் புற்கள் கலந்து பிறந்த மலட்டுக் கலப்பினம், பின்னர் குரோமோசோம்கள் இரட்டித்ததால் வளமுடைய புதிய இனமாகிச் சேற்றுக் கரைகளை மூடியது.

ஆகவே, “ஏற்கெனவே பரவிவிட்ட களைதானே, இன்னும் கொஞ்சம் வந்தால் என்ன?” என்ற அலட்சியம் எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. வெளியிலிருந்து வரும் செடிகளையும் விதைகளையும் கட்டுப்படுத்தும் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் புதிய இனங்களுக்கு மட்டுமன்றி, உள்ளே வந்துவிட்ட இனங்களின் புதிய விதைகளுக்கும் நாற்றுகளுக்கும் அதே கண்டிப்புடன் பொருந்த வேண்டும். பல ஆண்டுகளாக ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும் சிறு திட்டுகளையும், தீங்கற்றவை என்று விட்டுவிடாமல், இப்போதே வேரோடு அகற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்