லெபனானில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. "லெபனான்-இஸ்ரேல் எல்லையில சண்டையை நிறுத்த 1978-ல் வந்த ஐ.நா. அமைதிப்படை, இன்னும் சண்டை ஓயலை, 2026 டிசம்பரோட மூடப்போறதா ஐ.நா.வும் சொல்லிடுச்சு, அப்புறம் நமக்கு இங்க என்னப்பா வேலை?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

2006 ஜூலையில் நானும் அதே படையில் அங்கேதான் இருந்தேன். இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்துக்கும் 34 நாள் சண்டை, பங்கருக்குள் உட்கார்ந்து குண்டுச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்போம். கியாம் என்கிற ஊரில் ஐ.நா. பார்வையாளர்கள் நாலு பேர் இறந்த அன்று எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உன் கேள்வியை அன்றைக்கு நானும் கேட்டேன்.

சண்டை நின்றபிறகு எபல் எல் சாகி என்கிற கிராமத்தில் ஒரு பாட்டியின் ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தது. நம்ம பட்டாலியனின் கால்நடை டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்ணில் முட்டி போட்டு, ஒரு மணி நேரம் போராடிக் குட்டியை எடுத்தார். மறுநாள் அந்தப் பாட்டி ஆலிவ் எண்ணெய் பாட்டிலோடு கேட்டில் நின்று "ஹிந்தி, ஹிந்தி" என்று கூப்பிட்டார். அரபியில் இந்தியனுக்கு அதுதான் பேர். 1998-லிருந்து பட்டாலியன் மாறி பட்டாலியன் போய்ச் சேர்த்த பேர் அது.

நமக்கு லாபம் இல்லாமல் அரசாங்கம் ஆள் அனுப்பவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதும் இல்லை. லெபனானில் நமக்கு எண்ணெய்க் கிணறு கிடையாது, சரி. ஆனால் அந்த வட்டாரம் பற்றி எரிந்தால் துபாயில் இருக்கும் உன் சித்தப்பா மாதிரி வளைகுடாவில் பிழைக்கிற ஏறக்குறைய 90 லட்சம் இந்தியர்கள் என்ன ஆவார்கள்? நாம் எரிக்கிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. இஸ்ரேலோடும் பேச வேண்டும், அரபு நாடுகளோடும் பேச வேண்டும் என்கிற நாட்டுக்கு, இரண்டு பேருக்கும் நடுவில் ஆயுதத்தை இறக்கிப் பிடித்து நின்ற பெயர் பெரிய சொத்து. ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் கேட்கும்போதும் இதைத்தான் எடுத்து வைக்கிறோம். அது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஐ.நா. படைகளில் உயிர்விட்டவர்களில் இந்தியர்கள்தான் அதிகம், ஏறக்குறைய 180 பேர். அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

"அமைதிப்படை" என்றாலே தமிழனுக்குக் கசக்கும், தெரியும். 1987-ல் இலங்கைக்குப் போனது ஐ.நா. படை இல்லை, இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில் போனது. நிறுத்தப் போனவர்களே சண்டையில் ஒரு தரப்பாகிவிட்டார்கள். நம் வீரர்கள் 1,200 பேர் வரை இறந்தார்கள், அங்கிருந்த தமிழ் ஜனங்கள் பட்டதைச் சொல்லி முடியாது. நம் லாபத்தை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனால் அப்படித்தான் ஆகும். பல நாட்டு ஆட்களோடு, ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுப் போவது வேறு. அதனால்தான் நீ போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கும் நெருடுகிறது. காஷ்மீரில் 1949-லிருந்து இருக்கிற ஐ.நா. பார்வையாளர்களுக்கு, இந்தியாவும் பாகிஸ்தானும் தாங்களே பேசித் தீர்ப்பது என்று 1972-ல் போட்ட சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலையில்லை என்கிறோம். நம் வாசலில் வேண்டாம், அடுத்தவர் வாசலில் நிற்போம் என்றால் கேட்பவன் கேட்கத்தான் செய்வான்.

சைரன் அடித்தால் போனை எடுக்க நிற்காதே, நேராகப் பங்கருக்குப் போ. சண்டை இல்லாத ஒரு நாள் எபல் எல் சாகிப் பக்கம் போனால், அந்தப் பாட்டி வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துப் பார். ஆடு கதையைச் சொன்னால் தெரிந்துகொள்வார்கள்.

அப்பா