ரோபோக்கள் எடுபிடிகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விண்வெளிக் கட்டுரையில், "ரோபோக்கள் பார்ப்பது எடுபிடி வேலை; மனிதன் கால் வைத்தால்தான் அது ஆய்வு" என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்த உங்கள் கண்ணில் அது படாமல் போயிருக்காது. பட்டும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டின் அருகிலும் இன்றுவரை போனது ஆள் ஏறாத வாயேஜர் 2 கலம் ஒன்றுதான். நிலவில் பன்னிரண்டு பேர் நடந்தார்கள், 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் நிலவு வறண்டது என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. மேற்பரப்பில் நீரின் தடயம் பரவிக் கிடப்பதை ஆள் ஏறாத சந்திரயான்-1இல் இருந்த கருவி கண்டது, 2009இல் அறிவித்தார்கள். இதுவும் எடுபிடி வேலையா?

செவ்வாயில் ஸ்பிரிட் என்ற ரோபோ ஊர்திக்கு 2006இல் முன்சக்கரம் ஒன்று நின்றுபோனது. அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். மறு ஆண்டு, சுழலாத அந்தச் சக்கரம் கீறிய பள்ளத்தில் வெள்ளை மண் தெரிந்தது. சோதித்தால் ஏறக்குறைய முழுக்க சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். பாய்லரிலும் டர்பைன் தகடுகளிலும் சிலிக்கா படிந்ததைச் சுரண்டியே காலம் கழித்தவன் நான். வெந்நீரோ நீராவியோ இல்லாமல் அப்படிப் படிவது அரிது என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிட்டை இயக்கிய விஞ்ஞானிகளும் அதைத்தான் சொன்னார்கள். அந்தக் கீறலைப் பார்த்து "நிறுத்து, இது என்ன?" என்று கேட்டவர்கள் மனிதர்கள்தான், பூமியில் உட்கார்ந்திருந்த மனிதர்கள். அவர்களுடைய உழைப்பை எடுபிடி என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

என் தொழிலையே சொல்கிறேன். பாய்லரின் பெரிய உருளையான டிரம்முக்குள் ஆளை இறக்குவதென்றால் முதலில் அதை ஆறவிட வேண்டும். காற்று அடிக்க வேண்டும், ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும், மேன்ஹோல் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே போனவர் டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பது கொஞ்ச நேரம். மற்றதெல்லாம் அவர் உயிரோடு வெளியே வருவதற்கான ஏற்பாடு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்த ஏற்பாட்டை ஒருநாள் அவசரத்தில் சுருக்கினார்கள். உள்ளே இறங்கியவர் திரும்பவில்லை. பிறகு கேமரா வந்தது. ஆள் நுழைய முடியாத குழாய்க்குள்ளும் அது போனது. விண்வெளியில் ஆளை அனுப்பும்போதும் காற்று, தண்ணீர், உணவு, கதிர்வீச்சுத் தடுப்பு, திரும்பி வர எரிபொருள் என்று பெரும்பங்கு எடையும் செலவும் அந்த ஏற்பாட்டுக்கே போய்விடுகிறது.

கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற ஆறு பேரும் 2003இல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி இறந்தபோது நீங்கள் அட்டைப்படம் போட்டீர்கள், நன்றி. எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதிய விவரத்தையும், நுரை கழன்று விழுவதை முன்பே பலமுறை பார்த்தும் பழகிப்போய்விட்டார்கள் என்பதையும் அதே ஆண்டு விசாரணை அறிக்கை விளக்கியது. அதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பத்தி வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

மனிதர் போவதே வீண் என்று நான் சொல்லவில்லை. விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியின் பழுதான பார்வையை 1993இல் விண்வெளி வீரர்கள் கையால்தான் சரிசெய்தார்கள். அப்பல்லோ 17இல் போன நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட் காலடியில் கிடந்த ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டதும் நின்றார். அது பழைய எரிமலையின் கண்ணாடி மணிகள். செவ்வாயில் இன்சைட் கலத்தின் துளைக்கருவி மண்ணில் பிடிப்புக் கிடைக்காமல் ஈராண்டு திணறியதை நினைத்தால், ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது.

ஆனால் செவ்வாயில் உயிர் இருந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன் அங்கே மனிதர் இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்களை அனுப்பும் முன், 110 டிகிரிக்கு மேல் ஒரு நாளுக்கும் அதிகமாகச் சூட்டில் வைத்து நுண்ணுயிர்களைக் கொன்றார்கள். மனிதனை அப்படிச் சூடேற்ற முடியுமா? நம் தோலிலும் குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். உடை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கசியும். அதன்பின் அங்கே ஒரு நுண்ணுயிர் கிடைத்தால் அது செவ்வாயினுடையதா நம்முடையதா என்று எப்படிப் பிரிப்பது? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு பக்கமும் கொடியும் காலடித் தடமும்தான்.

அதே கட்டுரையில் செவ்வாய்ப் படங்கள் நான்கு. இரண்டு ஓவியங்கள், மற்ற இரண்டும் ரோபோக்கள் எடுத்த அசல் படங்கள். நான்கின் கீழும் "செவ்வாய்க் கோள்" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு எது உண்மை, எது கற்பனை என்று எப்படித் தெரியும்? இனி ஓவியம் என்றால் ஓவியம் என்றும், அசல் படம் என்றால் எந்தக் கலம் எந்த ஆண்டு எடுத்தது என்றும் கீழே ஒரு வரி போடுங்கள். அடுத்த இதழில் முடியாவிட்டால் அதற்கடுத்த இதழிலிருந்து தொடங்கினாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் பராமரிப்பு ஃபோர்மேன்