பை போட்டு எடுத்தாங்களா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாக அறுவை) செய்யும் பெண்கள் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஆத்தாவுக்கு வயது 62. போன வருஷம் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்ட முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு இட்லி தின்றதும் "வயிறு நெஞ்சுக்கு வந்துருச்சு, போதும்டி" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்கும் சேர்த்துப் பலகாரம் கேட்டு வாங்குகிற ஆள்! நாலு மாசம் கேஸ் மாத்திரையில் போனது. அப்புறம்தான் ஸ்கேன். இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி, உள்ளே கொஞ்சம் சதை.

"நீர்க்கட்டிதான். மூணு ஓட்டை, மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் மருத்துவர். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். நீளத் தையல் வேண்டாம் என்று கேட்டதே நாங்கள்தான், அதை மறைக்கவில்லை.

பத்து நாளில் பயாப்சி வந்தது. புற்றுநோய். மதுரையில் புற்றுநோய் அறுவை நிபுணர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "பை போட்டு எடுத்தாங்களா?" என்ன பை என்றே எங்களுக்குத் தெரியாது. கட்டி வயிற்றுக்குள் சிந்தாமல் இருக்க, அதைப் போட்டு வெளியே எடுக்கும் பை என்று அப்புறம்தான் தெரிந்தது. கட்டியில் ஊசி குத்தி, நீரை உறிஞ்சி, சுருங்கியதைத் துளை வழியாக இழுத்து எடுத்ததாக அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது.

அவர் தாளில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நோய் ஒரு சினைப்பைக்குள் மட்டும், கட்டியின் தோல் கிழியாமல் இருந்தால் அது 1ஏ நிலை. அறுவையின்போது உடைந்து வயிற்றுக்குள் சிந்தினால் 1சி1. 1ஏ-யில் சிலருக்குக் கீமோவே தேவைப்படாதாம். ஆத்தாவுக்கு மறுபடி தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை திறந்தார்கள். கருப்பை, மறு சினைப்பை, குடலைப் போர்த்திய கொழுப்புத் திரை எல்லாம் போயிற்று. பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ. வேண்டாம் என்ற நீளத் தையலும் வந்து சேர்ந்தது.

லேப்ராஸ்கோப்பி மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துத்தான் முதலில் கீமோ, அப்புறம் அறுவை என்று முடிவு செய்தார்கள். ஆரம்ப நிலையிலும் கைதேர்ந்தவர்கள் கட்டியை உடைக்காமல், பைக்குள் போட்டே வெளியே எடுக்கிறார்கள். ஆனாலும் துளை சின்னது என்பதற்காகவே நல்லது என்று சொல்லிவிட முடியாது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் 2018-இல் வந்த பெரிய ஆய்வில், துளை வழியாகச் செய்தவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பியது. அது வேறு உறுப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்ணின் கட்டியில் சதை தெரிந்தால், ஊசியைக் கையில் எடுக்கும் முன், சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய சிஏ 125 அளவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்த எண்ணையும் ஸ்கேனையும் மாதவிடாய் நின்றதையும் சேர்த்துப் பெருக்கி, புற்றுநோயாக இருக்குமா என்று கணிக்கும் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆரம்பத்தில் அந்த எண் ஏறாமலும் இருக்கலாம் என்பதால், எண்ணை மட்டும் நம்பி ஸ்கேனை ஒதுக்கிவிடாதீர்கள். சந்தேகம் என்றால் புற்றுநோய் அறுவை தெரிந்தவரிடம் அனுப்பிவிடுங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

கையெழுத்து வாங்கும் தாளில் "இது புற்றுநோயாகவும் இருக்கலாம்" என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். நாங்கள் பயந்துவிடுவோம் என்கிறீர்கள். பயந்திருந்தால் அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறியிருப்போம்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஒரு மகள்