அசந்து தூங்குதா, பார்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் குழந்தைகளின் காய்ச்சல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் "உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்று முடித்துவிட்டார்கள். அந்த 'உடனே'வுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. மதுரை மாவட்டத்தில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன்.

போன மார்கழியில் விடியற்காலை ஓர் அழைப்பு. ஏழு மாதக் குழந்தை, இரண்டு நாள் சளி. போய்ப் பார்த்தால் வீட்டில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை, "ராத்திரி பூரா அழுதுச்சு, இப்பத்தான் அசந்து தூங்குது சார், எழுப்பணுமா?" என்கிறார் பாட்டி. ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் ஒரு துண்டு. எல்லாவற்றையும் விலக்கிச் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, மூக்கு விடைக்கிறது, மூச்சை விடும்போதெல்லாம் சின்னதாக ஒரு முனகல். செல்போனில் நேரம் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன், 72. அது தூக்கமே இல்லை சார், மூச்சு இழுத்து இழுத்தே குழந்தை ஓய்ந்துபோயிருந்தது.

பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும், அழும்போது எண்ணினால் கணக்கு தப்பும். இதற்கு ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். பெரியவர்களுக்கு இதயம் திடீரென்று நின்றுவிடும், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு முதலில் தடுமாறி அப்புறம்தான் இதயம் ஓயும், அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். அன்றைக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை அம்மா கையிலேயே கொடுத்து, மடியில் வைத்தபடி முகத்துக்குக் கிட்டத்தில் பிடிக்கச் சொன்னேன். நான் அழுத்திப் பிடித்திருந்தால் பயந்து அழுதிருக்கும், இருந்த கொஞ்சத் தெம்பும் அதிலேயே போயிருக்கும். குழந்தை பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று, பைக். துவண்டுபோன குழந்தையை இரண்டு பேருக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் கைக்குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை ரொம்பப் பெரிசு, பின்மண்டை வேறு துருத்திக்கொண்டிருக்கும், தாடை நெஞ்சில் இடித்தாலே மூச்சுக்குழாய் மடங்கிவிடும். படுக்க வைத்துத் தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் மூக்கு நேராக மேலே பார்க்கும், அதுவே பாதி வைத்தியம்.

அப்புறம் ஜன்னி, அதாவது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது. இன்றைக்கும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள், பல்லுக்கு நடுவில் கரண்டியை விடுகிறார்கள். ஒரு வீட்டில் கரண்டி பட்டு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, வலிப்பு எப்போதோ நின்றிருந்தது. வாயில் எதையும் வைக்காமல், தண்ணீர்கூட ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். தாண்டினால் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று காத்திராமல் ஆரம்பித்ததுமே போன் பண்ணிவிடுங்கள். எங்கள் முதல் கேள்வி "எத்தனை நிமிஷமா இழுக்குது?" என்பதுதான். "ரொம்ப நேரமா" என்பார்கள். அதை வைத்து நான் என்ன செய்வது?

அடுத்த முறை அந்த மூச்சுக் கணக்கைச் சின்னதாக ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைக்கிற மாதிரி. சாவி கையில் வைத்திருப்பவர் அதைக் கீழே போட்டுவிட்டு டார்ச்சோடு தெருமுனைக்கு வந்து நின்றால், ராத்திரியில் வீடு தேடுகிற நேரம் எங்களுக்கு மிச்சம்.

இப்படிக்கு,
108 பணியாளர் ஒருவர், மதுரை மாவட்டம்