கச்சான் வீசுமுன் செய்ய வேண்டிய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை இலங்கையின் ஊவா மாகாண மலைச்சரிவுகளில் கச்சான் காற்று வறண்டு வீசுவதும், மானாப்புல் சருகாய்க் காய்வதும், எல்ல, அப்புத்தளை, வெலிமடைப் பக்கங்களில் ஏதாவதொரு மலை எரிவதும் நமக்குப் புதியவை அல்ல. நாட்காட்டியில் குறித்து வைக்கக்கூடிய ஒன்றை எதிர்பாராத அனர்த்தம் என்று அழைப்பது பொருந்தாது. இருந்தும், தீ மூண்ட பிறகு ஹெலிகொப்டர் எப்போது வரும் என்பதிலேயே எல்லோரது கவனமும் நிற்கிறது.

விமானப்படையினர் வாளியில் நீர் அள்ளி வந்து ஊற்றுவதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்றும் புகையும் கடுமையானால் அதுவும் இயலாது. மாநகர சபையின் தீயணைப்பு வாகனமோ பாதை முடியும் இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறுபவர்கள் தியத்தலாவையிலிருந்து வரும் படையினரும், வன உத்தியோகத்தர்களும், அயல் தோட்டங்களின் தொழிலாளருமே. கையில் மம்பட்டியும் முறித்த பச்சைக் கொப்பும், காலில் ரப்பர் செருப்புமாகப் போகும் தொழிலாளருக்குச் சப்பாத்து, கையுறை, முகமூடி, முதுகில் சுமக்கும் நீர்த்தெளிப்பான் ஆகியவற்றைத் தோட்டத்திலேயே வைத்திருப்பது பெருஞ்செலவாகாது. சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து ஏறும் என்பதால் அதற்கு மேற்புறம் நிற்கலாகாது என்பது போன்ற அடிப்படைப் பயிற்சிக்கு ஒரு நாள் போதும். அந்த நாளுக்கும் சம்பளம் வழங்கப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது தீத்தடுப்புப் பாதை. புல்லையும் சருகையும் செதுக்கி, மண் தெரியும்படி காட்டின் ஓரத்தில் விடப்படும் அந்த அகலமான பட்டி ஒருமுறை வெட்டினால் முடிந்துபோகும் வேலையன்று. அடுத்த மழைக்கே மானா மீண்டும் முளைத்துவிடும். 1970களிலும் 80களிலும் பரவலாக நடப்பட்ட பைன் தோப்புகளில், எளிதில் உக்காத ஊசியிலைகள் மெத்தைபோல் குவிந்து கிடக்க, மரத்திலோ பிசின் இருப்பதால், அங்கே இந்தப் பட்டி இரட்டிப்பு அவசியம். அதை வெட்டுவது யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். காடு வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது, கீழே உள்ள தேயிலை பெருந்தோட்டக் கம்பனியினுடையது, நடுவில் கிடக்கும் புல்தரை பிரதேச செயலகத்தின் எல்லைக்குள் வருவது. மூவரின் எல்லைகளும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் மானா ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டில் உள்ள ஊற்றிலிருந்து லயன்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளுக்கு, தண்ணீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய்கள் தரையின் மேலேயே கிடப்பதால், மலை எரியும் நாளில் அவையும் உருகிப்போய், தீயை அணைக்கவும் குடிக்கவும் ஒருசேர நீரில்லாமல் ஆகிவிடுகிறது. அக்குழாய்களை மண்ணுக்குள் புதைத்து, ஊற்றருகே ஒரு சீமெந்துத் தொட்டியும் கட்டிவிட்டால், மற்ற மாதங்களில் அது லயன்களுக்கே பயன்படும்.

தீ வைப்பவர்களைப் பிடிப்பது பொலிஸாரின் பணி. வேட்டைக்காகவும் மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கவும் கொளுத்துவோர் பற்றித் தனியாக எழுத வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைத் கொழுந்து நிறுக்கும் தோட்டத்து மடுவங்களில் ஒட்டி வைப்பதற்கு யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

நிதி கிடைக்கும் காலமும் கவனிக்கத்தக்கது. ஊவாவுக்கு மே மாதத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மேற்குச் சரிவில் உள்ள அட்டன், மஸ்கெலியா பகுதிகளுக்கோ வறட்சி ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்பதால், புதிய ஆண்டின் ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்காமல் டிசம்பரிலேயே பட்டி வெட்டப்பட்டிருக்க வேண்டும். எனவே பிரதேச செயலகங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் தீத்தடுப்புப் பாதைகள் எங்கெங்கே, எந்தத் துண்டுக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் இடும்படி மாவட்டச் செயலாளர்கள் பணிக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தோட்டப்புற வாசகர் ஒருவர்,
அப்புத்தளை.