லிட்டில் ஏ

அன்புள்ள முரளி,

எட்டு மாத மௌனத்துக்கான திட்டை நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். சங்கர் அதே ஸ்கூட்டரைத்தான் இன்னும் தள்ளிக்கொண்டு திரிகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனை செய்தேன். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 96, சர்க்கரையும் சரி. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். "குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு?" என்றார் டாக்டர். அப்பாவுக்கு, 49-ல் என்றேன். சீட்டின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதினார். 'லிட்டில் ஏ'வாம், லிப்போபுரோட்டீன்(ஏ) என்பதன் சுருக்கம். பெயரைக் கேட்டுச் சிரித்தேன்டா.

118 வந்தது. 50-ஐத் தாண்டினாலே அதிகம்.

எல்.டி.எல். துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டு வருவதுதான் இது. 1963-லேயே கோரே பெர்க் என்ற நார்வேக்காரர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் தனியாகத் தெரியாது. இது கூடினால் மாரடைப்பு ஆபத்தும் கூடுமாம். ஐந்தில் ஒருவருக்கு அதிகமாம். பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகிற அளவு. பத்தியம் இருந்தாலும் ஓடினாலும் பெரிதாக மாறாது. என் காலை ஓட்டத்தை இனி நீ எப்படியெல்லாம் கேலி செய்வாய் என்று தெரியும். மற்றதையெல்லாம் இறக்குவதுதான் இப்போதைக்கு வழி என்று டாக்டர் ஸ்டாட்டின், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை, கொடுத்திருக்கிறார். எல்.டி.எல். 70-க்குக் கீழே வர வேண்டுமாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யும் பார்த்தார்கள். 11 என்று வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. "ஜலதோஷத்தோடு வந்தால் அப்படித்தான் காட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அதை ஒதுக்கிவிட்டார்.

அப்பா நினைவு விடமாட்டேன் என்கிறதடா. சிகரெட்டை விட்டு மூன்று வருடம் கழித்துத்தான் போனார். திருட்டுத்தனமாகப் பிடித்திருப்பார் என்று அன்றைக்கு ராத்திரி அவர் சட்டைப் பையைத் துழாவினேன். மிட்டாய்க் காகிதம்தான் இருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. பழைய சிகரெட்டும் தன் வேலையைக் காட்டியிருக்கும்தான். ஆனால் எனக்கு இந்த 118 அவரிடமிருந்து வந்திருந்தால், பாதிப் பழியை நாங்கள் சும்மா சுமத்தியிருக்கிறோம்.

யாழினிக்கும் இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும், ஒரே ஊசி. ஆனால் ஊசி என்றால் அவள் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாதா? நான் சொன்னால் பேச்சை மாற்றுவாள், நீ சொன்னால் கேட்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பேசு. சட்டைப் பை கதையை மட்டும் சொல்லாதே, அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
சேகர்